தொடாமலே சொல்லிக்கொடுத்தவர்

பினாங்கின் சூலியா தெருவில் வழி தெரியாமல் நிற்கும் வெளிநாட்டுப் பயணிகள் திருநாவுக்கரசிடம் கேட்காமல் இருப்பது நல்லது. அவர் கட்டாயம் சொல்லிவிடுவார். தமக்குத் தெரியாத இடமானாலும் சொல்வார். இரண்டாவது சந்தியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும், முனையில் ஒரு கோப்பிக் கடை வரும் என்று அவர் கையை நீட்டிச் சொல்லும் உறுதியைப் பார்த்துப் பயணி நன்றி கூறிவிட்டு நடப்பார். அங்கே கோப்பிக் கடை இருக்கவும் செய்யும். ஜார்ஜ் டவுனில் எந்த இடப்பக்கம் திரும்பினாலும் முனையில் ஒரு கோப்பிக் கடை இருக்கும். பயணி தேடிப் போன இடம் மட்டும் இருக்காது.

இதனால் அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுபவர், சுங்கத்துறைப் பாரங்களில் ஒரு கிலோவைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவர். ‘தெரியாது’ என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் கெட்ட வார்த்தை என்று கருதினார். பெண்களும் பெரியவர்களும் இருக்கும் இடத்தில் நல்ல குடும்பத்துப் பிள்ளை சொல்லக்கூடாத வார்த்தை.

1997-இல் அவருக்கு வயது நாற்பத்தெட்டு. மீரா சாகிப்பின் கம்பெனியில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தார். கப்பலில் வந்து இறங்கும் மிளகாய் வற்றலையும் ஏலக்காயையும் பாத்திக் துணிகளையும் சுங்கத்திலிருந்து விடுவித்து உரியவரிடம் சேர்ப்பிப்பது கம்பெனியின் தொழில். திருநாவுக்கரசு சேர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்தச் சரக்குக்கு என்ன எண், எந்தப் பாரத்துக்கு எத்தனை நகல் என்பதெல்லாம் மனப்பாடம். மறதி என்பது பிறருக்கு வருவதாக அவர் கேள்விப்பட்டிருந்த ஒரு நோய்.

அலுவலகத்தின் பின்பக்கத்தில் கண்ணாடித் தடுப்பு வைத்த ஓர் அறை இருந்தது. குளிர்சாதனம் வைத்த ஒரே அறை. அதில் இருந்த மேனேஜர் ஓய்வு பெற்று மகளோடு பெர்த்துக்குப் போய் ஆறு மாதமாகியும் நாற்காலி காலியாகவே கிடந்தது. மீரா சாகிப் முடிவெடுக்கத் தெரியாதவர் அல்ல. முடிவெடுக்காமல் இருந்தால் இரண்டு பேர் ஒழுங்காக வேலை செய்வார்கள் என்பது தெரிந்தவர். ஒருவர் திருநாவுக்கரசு. இன்னொருவர் மீரா சாகிப்பின் அண்ணன் மகன் அஸ்ஹர், இருபத்தாறு வயது, டிப்ளோமா படித்தவன். அஸ்ஹருக்கு அந்த அறையில் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. அவனுடைய அம்மாவுக்குத்தான் இருந்தது.

திருநாவுக்கரசுக்கு ஆசை இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்ணாடியில் தூசி படிந்தால் துடைக்கச் சொல்லும் ஒரே ஆள் அவராக இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கடிதம் வந்தது. ‘அலுவலகத்தில் இன்டர்நெட்: முதல் படிகள்’ என்று இரண்டு நாள் பயிற்சி. ஹோட்டலில் நடக்கும், மதியச் சாப்பாடு உண்டு, சான்றிதழ் உண்டு. கம்பெனிக்கு ஒருவர் மட்டும் வரலாம். மீரா சாகிப் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுத் தலைமைக் கிராணியை அழைத்தார்.

“அரசு, இந்த இன்டர்நெட்டெல்லாம் ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன மொதலாளி.”

“அப்ப நீயே போ. தெரிஞ்சவன் போனாத்தான் வெளங்கும்.”

பயிற்சிக் கூடத்தில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள், இருபத்து நான்கு பேர். பெயரின் முதல் ஆங்கில எழுத்துப்படி இருவர் இருவராக உட்கார வைத்தார்கள். திருநாவுக்கரசுக்குப் பக்கத்தில் ஷஹீதா என்ற பெண்மணி அமர்ந்தார். பீச் ஸ்திரீட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, நாற்பது வயதிருக்கும், தலையில் முக்காடு, தமிழ் முஸ்லிம் குடும்பம். தமிழில் பேச ஆள் கிடைத்ததில் இருவருக்கும் நிம்மதி. சங்கடம் மௌஸில் வந்தது.

இரண்டு பேருக்கு ஒரே ஒரு மௌஸ். உள்ளங்கையளவு சாமான். மாற்றி மாற்றிப் பழகுங்கள் என்று பயிற்சியாளர் சுலபமாகச் சொல்லிவிட்டார். ஒரு பெண்மணி பிடித்திருக்கும் உள்ளங்கையளவு சாமானை அவர் கை படாமல் எப்படி வாங்குவது என்று அவர் சொல்லவில்லை. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் நூறு அடி தூரத்தில் பிறந்து வளர்ந்த திருநாவுக்கரசுக்கு இது சொல்லித் தெரியவேண்டிய விஷயமில்லை.

“நீங்களே புடிங்கம்மா. நான் நோட்ஸப் படிச்சு சொல்றேன்” என்றார்.

“சரிண்ணே” என்றார் ஷஹீதா.

இரண்டு நாளும் அப்படியே நடந்தது. நாற்பது பக்கக் குறிப்பைத் திருநாவுக்கரசு வரி விடாமல் படித்து, மேலே வலது மூலை, இரண்டு தடவை, இப்போது ‘பேக்’ என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். ஷஹீதா அமுக்கிக்கொண்டே வந்தார். எல்லாருக்கும் முன்னால் அவர்கள் இருவரும்தான் ஒவ்வொரு பயிற்சியையும் முடித்தார்கள். கூடத்திலேயே சிறந்த ஜோடி என்று பயிற்சியாளர் கை தட்டச் சொன்னார். மாலையில் கறிபாப் தின்றுவிட்டு, ஆளுக்கொரு சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு பாதி தூரம் வந்த பிறகுதான், தாம் அந்த மௌஸை ஒருமுறைகூடத் தொடவில்லை என்பது திருநாவுக்கரசுக்கு உறைத்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாடம் முழுக்க மண்டையில் இருக்கிறது, கை வைப்பதில் என்ன இருக்கிறது, நாளைக்கு வைத்தால் போயிற்று.

மறுநாள் அவருக்கு முன்னாலேயே எல்லாரும் வந்திருந்தார்கள். புதுக் கம்ப்யூட்டர் அலுவலகத்தின் நடுவில், ஃபேக்ஸ் இணைப்பு வரும் சுவரோரம் இருந்தது. அதில் நெட்ஸ்கேப் என்ற மென்பொருளைப் போட்டு வைத்திருந்தார்கள். இணையத்தில் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டுமானாலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். சான்றிதழுக்குச் சட்டம் போட ஏற்பாடு ஆகியிருந்தது. மீரா சாகிப், அஸ்ஹர், தட்டச்சு செய்யும் சாந்தினி மூவரும் அரைவட்டமாக நின்றார்கள். திருநாவுக்கரசு மௌஸைப் பார்த்தார். கை நீண்டது. ஆறு கண்கள் அந்தக் கையைப் பார்த்தன. கை பாதியில் திரும்பி முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

“சாந்தினி, நீ உக்காரு” என்றார்.

நீங்கள் ஒருமுறை செய்து காட்டினால் என்ன அண்ணே என்று சாந்தினி கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் எங்கிருந்து வந்தது என்று திருநாவுக்கரசுக்கே விளங்கவில்லை.

“நான் செஞ்சா எனக்குத்தான் வரும். நீ செஞ்சாத்தான் ஒனக்கு வரும்.”

மீரா சாகிப் இதைத் தமக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மதியத்துக்குள் அந்த வாக்கியம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் நாசி கண்டார் சோற்றுக் கடைவரை போய்விட்டது. சாயங்காலத்துக்குள் அதை மீரா சாகிப்பே சொன்னதாக ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் பாடம் நடந்தது. இன்டர்நெட்டைப் போட்டால் ஃபேக்ஸ் ஓடாது என்பதால், காலை பத்து மணிக்கு அரை மணி நேரம்தான் அனுமதி. பத்தடித்ததும் மோடம் கத்தும். தகரத்தில் ஆணி இழுப்பதுபோன்ற அந்தச் சத்தம் அடங்கியதும் யாராவது ஒருவர் நாற்காலியில் அமர்வார். திருநாவுக்கரசு பின்னால் கைகட்டி நிற்பார். திரையின் மூலையில் ‘N’ என்ற எழுத்தின்மேல் நட்சத்திரங்கள் விழுந்துகொண்டிருந்தால் பக்கம் வந்துகொண்டிருக்கிறது, பொறு என்பார். நின்றுவிட்டால் வந்துவிட்டது என்பார். வராமலே நின்றால் ‘ரீலோட்’ என்பார். குறிப்பில் இருந்த எதையும் அவர் மாற்றிச் சொன்னதில்லை.

குறிப்பில் இல்லாததை யாராவது கேட்டுவிட்டால்தான் சிக்கல். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. கண்களைச் சற்றுச் சுருக்கி, “நீ என்னா நெனைக்கிற? அமுக்கிப் பாரு” என்பார். கேட்டவர் பயந்துகொண்டே அமுக்குவார். ஏதாவது ஒன்று திறக்கும். தாம் எதிர்பார்த்தது அதைத்தான் என்பதுபோல அவர் தலையசைப்பார்.

இப்படிச் சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் எதுவும் வராது என்றுதான் தோன்றும். நடந்தது நேர்மாறு. பக்கத்துக் கம்பெனிகளில் பயிற்சிக்குப் போய்வந்தவர்கள் தாங்களே மௌஸைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தார்கள். மற்றவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுச் சலித்துப் போனார்கள். இங்கே சாந்தினி ஒரே மாதத்தில் தன் தம்பி படிக்கும் ஊரின் வெயில் நிலவரத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். அஸ்ஹர் பந்தாட்ட முடிவுகளைப் பத்திரிகைக்கு முன்னால் தெரிந்துகொண்டான். மீரா சாகிப்பே ஒருநாள் வந்து உட்கார்ந்து, ராமநாதபுரத்துப் பக்கம் மேகம் எப்படி இருக்கிறது என்று படத்தில் பார்த்துவிட்டு, அங்கிருக்கும் மைத்துனருக்கு போன் செய்து குடை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அலுவலகத்தில் எல்லாருக்கும் வந்துவிட்டது. ஆசிரியர் ஒருவரைத் தவிர.

இது இப்படியே ஓடியிருக்கும். ஆனால் கோலாலம்பூரில் ஒரு கப்பல் கம்பெனி, வடக்கு மாநிலங்களுக்கு ஏஜெண்ட் தேடிக்கொண்டிருந்தது. அடுத்த வருடத்திலிருந்து கப்பல் வரும் தேதிகளை ஃபேக்ஸில் அனுப்பப் போவதில்லை, இன்டர்நெட்டில் அவர்களுடைய பக்கத்தில் மட்டும்தான் போடுவார்கள். ஆகவே அதைப் பார்க்கத் தெரிந்த அலுவலகம் வேண்டும். மிஸ் இயோ என்ற அதிகாரி புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து பார்ப்பார் என்று கடிதம் வந்தது.

மீரா சாகிப் தலைமைக் கிராணியைத் தனியே அழைத்தார்.

“அரசு, அன்னிக்கு நீதான் ஒக்காந்து செஞ்சு காட்டணும். சின்னப் பிள்ளைங்க கையில குடுக்காத. குருவு இருக்கும்போது சிஷ்யன் செஞ்சா மரியாதையா இருக்காது.”

“செஞ்சுட்டாப் போச்சு மொதலாளி.”

“இது கெடச்சா அந்தக் கண்ணாடி ரூமு ஒனக்குத்தான். கெடைக்கலன்னா என்னால தாக்குப்புடிக்க முடியாதுலா. அண்ணி தெனமும் போன் பண்றாங்க.”

திருநாவுக்கரசு வெளியே வந்து, துடைத்திருந்த கண்ணாடியை மறுபடியும் துடைக்கச் சொன்னார்.

புதன்கிழமைக்கு ஒரு வாரம் இருந்தது. காலையில் சீக்கிரம் வந்து தனியாகப் பழகலாம் என்று பார்த்தால் சாந்தினி அவருக்கு முன்னால் வந்து நின்றாள். மாலையில் அஸ்ஹர் போவதாக இல்லை. கிடைத்தது வெள்ளிக்கிழமை மதியம்தான். மீரா சாகிப்பும் அஸ்ஹரும் தொழுகைக்குப் போனார்கள். சாந்தினி மார்க்கெட் ஸ்திரீட் தையல்காரரிடம் சட்டை அளவு கொடுக்கப் போனாள். தெருக் கதவு திறந்தபடி இருக்க, திருநாவுக்கரசு நாற்காலியில் உட்கார்ந்து, மோடத்தைக் கத்தவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக மௌஸின்மேல் கை வைத்தார்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக நாளொன்றுக்கு இருநூறு பாரங்களில் சாப்பு முத்திரை அடித்த கை அது. ரப்பர் சாப்பை நன்றாக அழுத்தி, ஒரு திருப்புத் திருப்பி எடுத்தால்தான் ஓரத்து எழுத்து விழும். கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. அழுத்தித் திருப்பியதும் அம்புக்குறி ஓடிப்போய்த் திரையின் மூலையில் ஒளிந்துகொண்டது. இரண்டு தடவை அமுக்க வேண்டிய இடத்தில் அவர் இரண்டு சாப்பு அடித்தார். நடுவில் மை தொட்டுக்கொள்ளும் இடைவெளிகூட விட்டார். ஒன்றும் திறக்கவில்லை.

“அண்ணே, இருக்கீங்களா?”

வாசலில் ஷஹீதா நின்றுகொண்டிருந்தார். திருநாவுக்கரசு சூடான சட்டியிலிருந்து எடுப்பதுபோல மௌஸிலிருந்து கையை எடுத்தார். விசாரிப்புகள் முடிந்ததும் ஷஹீதா விஷயத்துக்கு வந்தார். திங்கட்கிழமையிலிருந்து தம் அலுவலகத்தில் ஆறு பேருக்குத் தாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம்.

“ஒக்காந்தா கை தானா போவுதுண்ணே. ஆனா எங்க போறதுன்னு காதுல ஒரு கொரலு வரணும். ஒங்க கொரலு. அது இல்லாம ஒண்ணும் ஓட மாட்டேங்குது.”

“நோட்ஸ் இருக்குல்ல?”

“நோட்ஸ நீங்கதான படிச்சீங்க. நான் தொறந்தே பாக்கல. நாப்பது பக்கம், எல்லாம் இங்கிலீஷ்லா.”

அடுத்தவரிடம் ஒரு குறையைக் கண்டதில் திருநாவுக்கரசுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரண்டு நாள் அப்படி என்னதான் படித்தீர்கள் என்று செல்லமாகக் கடிந்துகொண்டு எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். பழையபடி அவர் சொல்ல, ஷஹீதா அமுக்க, பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. கப்பல் கம்பெனியின் பக்கத்தைக்கூடத் திறந்தாயிற்று. இது எவ்வளவு எளிது என்று அவர் வியந்துகொண்டிருந்தபோது ஷஹீதா எழுந்து, பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

“இப்ப நீங்க புடிங்க. நான் பாத்து எழுதிக்கிறேன்.”

வேண்டாம், நீங்களே செய்யுங்கள், செய்தால்தான் வரும் என்று தம்முடைய புகழ்பெற்ற வாக்கியத்தை அவர் எடுத்து விட்டார். ஷஹீதா அதற்கு மசியவில்லை. ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறுகையால் எழுத முடியாது என்று நாற்காலியைச் சுட்டிக் காட்டினார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பா உரை ஓடிக்கொண்டிருந்தது. திருநாவுக்கரசு வாசலுக்கு வெளியே அஞ்சடி நடைபாதையைப் பார்த்தார். உதவிக்கு ஒரு வெள்ளைக்காரப் பயணிகூட வழி கேட்டு வரவில்லை.

“எனக்குத் தெரியாதும்மா” என்றார்.

“எது?”

“அதப் புடிக்க.”

ஷஹீதா அவரையும் மௌஸையும் மாறி மாறிப் பார்த்தார். “மூணு மாசமா ஊரெல்லாம் ஒங்க பேச்சு. எங்க வாப்பா நாசி கண்டார் கடையில கேட்டுட்டு வந்து, இப்பிடியும் ஒரு வாத்தியாருன்னு சொல்றாரு. தொட்டதே இல்லியா?”

“நீங்கதான் ரெண்டு நாளும் குடுக்கவே இல்லியே.”

“நீங்கதான் புடிங்க புடிங்கன்னீங்க. சரி, ஆசையா சொல்றாரு, இல்லன்னு சொன்னா மனசு கஷ்டப்படும்னு புடிச்சேன். கை வலிண்ணே, ரெண்டு நாளா.”

“அப்ப ஒங்க சர்ட்டிபிகேட்டு?”

“ஆபீஸ்ல மாட்டி வச்சிருக்காங்க. ஒங்கள்து?”

திருநாவுக்கரசு சுவரைக் காட்டினார். சட்டம் பொன்னிறத்தில் மின்னியது. ஷஹீதா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. திருநாவுக்கரசுக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சொல்லைச் சொன்ன பிறகும் கூரை இடிந்து விழாததில் வந்த சிரிப்பாகவும் அது இருக்கலாம்.

பிறகு ஷஹீதா பாடம் எடுத்தார். அவர் கையைப் பிடித்துக் காட்ட முடியாது, காட்டவும் மாட்டார். மேசையிலிருந்த சாப்பு மைப் பெட்டியை எடுத்து மௌஸுக்குப் பக்கத்தில் வைத்து அதன்மேல் தம் கையை வைத்தார். மைப் பெட்டி மெல்ல நகர்ந்தது. அதைப் பார்த்து மௌஸும் நகர்ந்தது. மைப் பெட்டி நின்றால் மௌஸ் நின்றது.

“சாப்பு அடிக்காதீங்கண்ணே. தூங்குற புள்ளையத் தட்டுற மாதிரி. ரெண்டு தட்டு. எழுப்பிறக் கூடாது.”

இருபதாவது முறை பிள்ளை விழிக்கவில்லை, பக்கம் திறந்தது. கப்பல் கம்பெனிப் பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு பட்டியல், அதில் பினாங்கு, அதை அமுக்கினால் தேதிகள். அவர் மூன்று முறை தாமாகவே போய்த் திரும்பினார். நான்காவது முறை போனதற்குக் காரணம் எதுவும் கிடையாது. போகப் பிடித்திருந்தது. பதிலுக்குத் திங்கட்கிழமைக்குள் நாற்பது பக்கத்தையும் தமிழில் ஆறு பக்கமாகச் சுருக்கி எழுதித் தருவதாக ஷஹீதாவுக்கு வாக்களித்தார்.

சாந்தினி திரும்பி வந்தபோது ஒரு பெண்மணி வெறும் மைப் பெட்டியை மேசையில் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருப்பதையும், அண்ணன் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதையும் கண்டாள். யாரென்று கேட்டதற்கு இன்ஷூரன்ஸ் என்று பதில் வந்தது. அப்படியானால் சரி என்று போய்விட்டாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு மிஸ் இயோ வந்தார். முப்பது வயது, குட்டை முடி, நேரம் வீணாவது பிடிக்காத முகம். பினாங்கிலிருந்து தூத்துக்குடிக்கு அடுத்த கப்பல் எப்போது என்று பார்த்துச் சொல்லும்படி ஆங்கிலத்தில் கேட்டார். திருநாவுக்கரசு நாற்காலியில் அமர்ந்தார். பின்னால் மூவரும் நின்றார்கள். ஆசிரியர் மௌஸைத் தொடுவதை அவர்கள் அன்றுதான் பார்க்கப் போகிறார்கள். சாந்தினி சற்று முன்னால் சாய்ந்தாள்.

கை சாப்பு அடிக்கவில்லை. அம்பு போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. நட்சத்திரங்கள் விழுந்தன. பக்கம் திறந்தது.

அது வேறு பக்கம். இடது ஓரத்துப் பட்டியல் இல்லை. திரை முழுக்க ஓர் உலகப் படம் நீலமாகப் படுத்திருந்தது. திங்கட்கிழமைதான் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினோம் என்று மிஸ் இயோ சாதாரணமாகச் சொன்னார்.

திருநாவுக்கரசு படத்தைப் பார்த்தார். குறிப்பில் இது இல்லை. மைப் பெட்டியும் இதைச் சொல்லித் தரவில்லை. கண்ணாடி அறை அவருடைய முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தது, அதை அவர் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாவது சந்தி, இடப்பக்கம் என்று எதையாவது சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் தெருப் பயணிகளைப் போலன்றி, இவர்கள் போய்ப் பார்த்துவிட்டு ஒரு நிமிடத்தில் திரும்பி வந்துவிடுவார்கள்.

“எனக்குத் தெரியல” என்றார், தமிழில், பின்னால் திரும்பி.

வெள்ளிக்கிழமை கிடைத்த தைரியம் அது. இரண்டாவது தடவை அவ்வளவு கசக்கவில்லை. இனி அறை அஸ்ஹருக்கு என்று அவர் மனத்தைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கினார்.

அதற்கு நேரம் கிடைக்கவில்லை. மூன்று மாதமாக அவரிடம் படித்தவர்களுக்கு, ஆசிரியர் இப்படித் திரும்பிப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று தெரியும். பதில் சொல்ல வேண்டும். தெரியல என்று வாய்விட்டே சொன்னது இன்றைக்குப் புதிதாக ஒரு நடிப்பு, விருந்தாளிக்காக இருக்கும்.

“ஆசியாவ அமுக்கிப் பாக்கலாம்ண்ணே” என்றான் அஸ்ஹர்.

அமுக்கினார். ஆசியா பெரிதாகி வந்தது.

“அந்தச் சிவப்புப் புள்ளி பினாங்கா இருக்கணும்” என்றாள் சாந்தினி.

அமுக்கினார். புள்ளி திறந்து துறைமுகப் பெயர்கள் வந்தன. தூத்துக்குடியைக் கண்டுபிடித்தது மீரா சாகிப். ஊர்ப்பக்கத்துத் துறைமுகத்தைத் திரையில் பார்த்த மகிழ்ச்சியில் கண்ணாடியைத் தொட்டே காட்டிவிட்டார். கப்பல் பதினான்காம் தேதி.

மிஸ் இயோ அதுவரை எதையும் எழுதவில்லை. இப்போது எழுதினார். அந்த வாரத்தில் பார்த்த எல்லா அலுவலகத்திலும் மௌஸைப் பிடிக்க ஒரே ஆள்தான் இருக்கிறார், அவர் லீவு போட்டால் கப்பல் வந்ததே தெரியாது, முதலாளி உட்பட எல்லாருக்கும் வழி தெரிந்த இடத்தை இங்கேதான் பார்க்கிறேன் என்றார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். மூன்று விரல்கள் ஒரே ஆளைக் காட்டின.

வெள்ளிக்கிழமை ஏஜென்சி கிடைத்துவிட்டதாக ஃபேக்ஸ் வந்தது. மீரா சாகிப் எல்லாருக்கும் பிரியாணி வரவழைத்தார். சாப்பிட்ட பிறகு திருநாவுக்கரசு அவர் மேசைக்குப் போய் நின்றார். மனத்தில் ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. அறை கிடைப்பதற்குள் சொல்லிவிட வேண்டும், கிடைத்த பிறகு சொன்னால் மரியாதை இல்லை.

“மொதலாளி, ஒரு விஷயம். போன வெள்ளிக்கிழம வரைக்கும் நான் அந்த மௌஸத் தொட்டதே இல்ல. ஹோட்டல்லயும் தொடல, இங்கயும் தொடல.”

மீரா சாகிப் பல்குத்தும் குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

“அரசு, நீ கெட்டிக்காரன். ஊருக்கே தெரியும். அதுக்காக இப்படிப் பெருமை அடிச்சுக்கக் கூடாது.”

“இல்ல மொதலாளி, நெஜமாத்தான்…”

“தொடாமலே எல்லாத்துக்கும் சொல்லிக்குடுத்தேன்னு சொல்ற. சரி, குடுத்துட்ட, ஒத்துக்கறேன். சொல்லிக் காட்டாத. போ, போய் ரூமுல ஒக்காரு.”

அதற்கு மேல் எப்படிச் சொல்வது? ஒரு மனிதன் நாற்பத்தெட்டு வருடம் கழித்துத் தெரியாது என்று ஒப்புக்கொண்டால், கேட்கிறவர்கள் பழகிக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் வேண்டாமா?

திங்கட்கிழமை அவர் கண்ணாடி அறைக்குள் குடியேறினார். குளிர் நன்றாக இருந்தது. நாற்காலி சுழன்றது. பத்து மணிக்கு வெளியே மோடம் கத்தியது, தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோலக் கேட்டது. ஃபேக்ஸ் இணைப்பு அந்தச் சுவரோடு நின்றுவிடுவதால் கம்ப்யூட்டரை அறைக்குள் கொண்டுவர வழியில்லை. கண்ணாடி வழியே அவருக்குத் தெரிந்தது சாந்தினியின் முதுகு மட்டும். எழுந்து வெளியே போய், கொஞ்சம் நகரு, நான் பார்க்கிறேன் என்று மௌஸைப் பிடித்தார். மீரா சாகிப் பார்த்துவிட்டார்.

“மேனேஜரு மௌஸு புடிச்சா நல்லாவா இருக்கு? உள்ள ஒக்காருலா.”

ஒன்பது நாள் உள்ளேயே உட்கார்ந்தார். அறையின் மேசைமேல் வலது கை தானாக முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்ததைச் சாந்தினி பார்த்திருக்கிறாள். பத்தாவது நாள் அவர் மீரா சாகிப்பிடம் போய், வாடிக்கையாளர்கள் அனுப்பும் மிளகாய் வற்றல், ஏலக்காய் மாதிரிப் பொட்டலங்கள் எல்லாம் வெளியே வெக்கையில் கெட்டுப்போகின்றன, கம்பெனியின் பெயர் என்ன ஆவது, அவற்றைக் குளிரில் வைக்க வேண்டும், மேனேஜர் என்பவர் ஊழியர்களுக்கு நடுவில் இருந்தால்தான் வேலை ஓடும் என்று சொன்னார். வழக்கமான உறுதியோடு சொன்னார். மீரா சாகிப் சம்மதித்தார்.

அன்று மாலையே மேனேஜரின் மேசை வெளியே வந்து, ஃபேக்ஸ் சுவரோரம், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்றது. கண்ணாடி அறைக்குள் எட்டு மூட்டை மிளகாய் வற்றல் போயிற்று. அஸ்ஹரின் அம்மா ஒருநாள் அந்தப் பக்கம் வந்தபோது கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு, மகனுக்குக் கிடைக்காத குளிரில் மிளகாய் உட்கார்ந்திருக்கிறதே என்று கொழுந்தனிடம் கேட்டார். அரசு சொன்னால் அதில் ஏதாவது காரணம் இருக்கும் என்றார் மீரா சாகிப்.

காரணம் அப்போது திரைக்கு முன்னால் இருந்தது. பத்து மணி அடித்து இருபத்தெட்டு நிமிடமாகியிருந்தது. சாந்தினியும் அஸ்ஹரும் பின்னால் வரிசையில் நின்றார்கள். இன்றைக்காவது எங்களுக்கு விடுங்கள் அண்ணே என்று சாந்தினி இரண்டாவது முறையாகக் கேட்டாள். திருநாவுக்கரசு ராட்டர்டாமில் மழை பெய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்கு அங்கே சரக்கு எதுவும் போவதில்லை.

“இரும்மா” என்றார். “வந்துக்கிட்டிருக்கு.”